பிரிக்குமுன் ஆராய்க

எலும்பு முறிந்தோர் பல ஊர்களிலிருந்தும் நாடிவரும் புத்தூர், நமது நாராயணவனத்திற்கு அண்மையிலுள்ளது. உடலைக் கீறாமல், விரலால் தடவியே முறிவு இன்ன இடத்தில் என்று அறிந்து கட்டுவது புத்தூர்க் கட்டின் தொன்றுதொட்ட வழக்கம். எஞ்சின் பழுதுபார்ப்போர்க்கும் இது ஏற்ற வழி என்பதைச் சென்ற ஆண்டு நேரிற் கண்டோம். வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படுமெனக் கருதி இங்கு எழுதுகிறோம்.

கல்யாண வேங்கடேசப் பெருமாள் சந்நிதிக்கு வரும் திருமண வீட்டாரைப் புத்தூர் ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது நம் மைத்துனரின் தொழில். அவருக்கு உள்ளது ஒரு பழைய அம்பாஸடர். 2014ஆம் ஆண்டிலேயே அவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டமையால், இருப்பதைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. கடன் வாங்கி எஞ்சினை ரீபோர் செய்து, புதிய பிஸ்டன்களும் ரிங்குகளும் போட்டார். ஒரு மாதம் ஓடியபின் பட்டறையில் ஹெட் நட்டுகளை மறுமுறை இறுக்கிக் கொடுத்தனர். அதன்பின் வண்டி மேட்டில் திணறிற்று. நின்ற இடத்தில் குலுங்கிற்று.

"ரிங் சரியாக உட்காரவில்லை, எஞ்சினை மீண்டும் இறக்க வேண்டும்" என்றார் பட்டறைக்காரர். ரிங் பொருத்தியவன் அங்குத் தொழில் பழகும் ஏழைப் பையன். செலவில் ஒரு பகுதியை அவன் கூலியில் பிடிப்பதென்றும் முடிவாயிற்று. அது நம் மனத்தை உறுத்தவே, ரயில்வேயில் பிட்டராயிருந்து ஓய்வுபெற்ற நண்பரை அழைத்து வந்தோம்.

சிலிண்டருக்குள் அழுத்தம் தங்குவதற்கு ரிங், வால்வு, கேஸ்கட் ஆகிய மூன்றும் காவல். எந்தக் காவல் தவறிற்று என்பதே கேள்வி. நண்பர் எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் செய்து கம்ப்ரெஷன் கேஜ் வைத்தார். மூன்று சிலிண்டர்கள் 115 முதல் 120 பவுண்டு காட்டின. மூன்றாவது 60 மட்டுமே காட்டிற்று. புதிய ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு இணங்கச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை எல்லாவற்றிலும் அளவு சற்றுக் குறைதல் இயல்பு. ஒன்றில் மட்டும் பாதியாதல் இயல்பன்று.

அடுத்து, பிளக் துளைவழியே ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங்கில் கசிவிருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அளவு உயரும். இங்கு உயரவில்லை. பின்னர் அந்தப் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, பஞ்சர் கடைக் காற்றை உள்ளே செலுத்தினார். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர்க் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழியெழுந்தால் அல்லது அடுத்த பிளக் துளையில் காற்று வந்தால் பெரும்பாலும் கேஸ்கட். காற்று சைலன்சரில் சீறிற்று!

ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கட் அமுங்கி, டாப்பெட் இடைவெளி குறைகின்றது. அதனை மீண்டும் திருத்துவது முறை. பட்டறையில் அதைச் செய்யவில்லை. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லாமற்போய், வால்வு முழுதும் மூடவில்லை. நல்லவேளையாக, அது கருகவில்லை. இடைவெளியைத் திருத்தியதும் கேஜ் 115 காட்டிற்று. எஞ்சினை இறக்கும் செலவு மிஞ்சியது. பையனின் கூலியும் தப்பியது.

ஆகவே, "பிரிக்க வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால், ஒவ்வொரு சிலிண்டரின் அளவென்ன, ஆயில் விட்டபின் என்ன, காற்று எங்கே சீறுகிறது என்று மூன்றையும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை எஞ்சினைப் பிரிக்க வேண்டா. எளியவர்மேல் பழியும் சுமத்த வேண்டா.