வான்கோழி வேட்டைக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டையைத் தாங்களே படம்பிடிக்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இது.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு. ஆனால் பார்வை அபாரம், நிறமும் தெரியும். சேவல் பக்கத்தில் வந்தபிறகு கேமராவைத் திருப்பக் கை நீட்டினால் அவ்வளவுதான், ஓடிவிடும். அதனால் விடியுமுன்பே தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். குட்டை முக்காலியை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து, சேவலை ஈர்க்க வைத்த பொம்மைக் கோழி நிற்கும் தூரத்துக்கு ஃபோகஸைக் கையாலேயே நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் முன்னால் ஆடும் புல்லைத்தான் பிடிக்கும். மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை கட்டாயம். இருட்டில் மரக்கிளையிலிருந்து வரும் முதல் கொக்கரிப்பும், தோகை விரித்து நடக்கும்போது சேவல் எழுப்பும் தாழ்ந்த அதிர்வும் பதிவாக வேண்டாமா? எனக்கு அவைதான் வேட்டை. சுடும் நொடி அதற்கப்புறம்தான்.

திரையைப் பார்த்துக்கொண்டு ஒருபோதும் சுடாதீர்கள். பறவையின் மார்பில் தாடி போன்ற இறகுக்கற்றை தெரிகிறதா, அதன் பின்னால் யாரும் இல்லையா என்று உங்கள் கண் சொல்ல வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீல உடை வேண்டாம். சேவலின் தலை நிறங்கள் அவை; வேறு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடலாம்.

ஒரு காலத்தில் பல மாநிலங்களில் இந்தப் பறவையே இல்லை. 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா வரிப்பணம் அதை மீட்க உதவியது. அப்படி மீண்டு வந்த பறவை இது. அதனால் வீடியோ போடும்போது காத்திருந்த நேரத்தையும் கொஞ்சம் விட்டுவையுங்கள், நண்பர்களே.