கோணிப்பை கற்றுத்தந்த பாடம்

ஒரு தொழில் நலிந்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடன் அதற்கு இருபதாண்டுத் திட்டம் தீட்டிவிடும் பழக்கம் நம் மாணவர்களிடையே உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். நாமோ ஆறு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறோம்!

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புக்கு வங்காளத்துச் சணல் தொழிலைக் கொடுத்து, நீண்டகாலத் திட்டம் ஒன்று வகுக்கச் சொன்னார்கள். "புதிய இயந்திரம் வாங்குவோம், செலவைக் குறைப்போம்" என்றனர் என் குழுவினர். முதலில் தொழிலைப் படிப்போம் என்றேன் நான். மைக்கேல் போர்ட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979இல் எழுதிய கட்டுரை ஐந்து கேள்விகளை நம் முன் வைக்கிறது. தொழிலுக்குள் போட்டி எப்படி? புதிதாக நுழைவோர் யார்? சரக்கு தருபவரின் பலம் என்ன? வாங்குபவரின் பலம் என்ன? மாற்றுப்பொருள் எது? இவற்றையே துணையாகக் கொண்டோம்.

ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது 1855இல். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளையே பின்னுக்குத் தள்ளும் அளவுக்கு இத்தொழில் வளர்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் இங்கும், சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் தங்கிவிட்டன. பிறகு இங்கேயும் சணல் பயிர் பெருகிற்று. ஆயினும் உழவனுக்கு அதே நிலத்தில் நெல்லும் விளையும். சணல் விலை விழுந்தால் மறு ஆண்டு அவன் நெல்லுக்கு மாறுவான். ஆலை நாருக்கு ஏங்கும். எல்லைக்கு அப்பாலோ, நாரும் ஆலையும் ஒருங்கே உடைய வங்கதேசம் போட்டிக்கு நிற்கிறது. அதன் சணற்சரக்குகளுக்கு 2017இல் நம் அரசாங்கம் தனி வரி விதிக்க நேர்ந்தது.

வாங்குபவர் யார் என்ற கேள்விதான் எங்களைத் திகைக்க வைத்தது. உணவு தானியத்தையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் சணற்பையில்தான் அடைக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி. ஆகவே தானியப் பைகளைப் பெருமளவில் வாங்குவது அரசாங்கம்; அவற்றின் விலையை நிர்ணயிப்பதும் அரசாங்கமே. இந்நிலையில் புது இயந்திரம் பையை மலிவாக்கலாம். ஆனால் அதனால் ஒரு பைகூட அதிகமாக விற்காது.

மாற்றுப்பொருள் என்றால் பிளாஸ்டிக் பை என்றே எல்லோரும் நினைப்பர். சட்டம் அதைத் தடுத்து நிற்கிறது. ஆனால் தானியத்தைப் பையே இல்லாமல் உயரமான இரும்புக் களஞ்சியங்களில் கொட்டி வைக்கும் முறை நம் நாட்டிலும் பரவிவருகிறது. பிளாஸ்டிக்கைத் தடுக்கும் சட்டம், பையே தேவைப்படாத நிலையைத் தடுக்குமா?

ஆலைப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சர்க்கார் ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் கதவடைப்பு என்றார். எங்கள் பயிற்சியைப் பற்றிச் சொன்னதும், அந்தத் திட்டத்தில் தம் ஆலை இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. தாளில் நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது என்பது அன்றுதான் விளங்கிற்று.

எங்கள் திட்டம் அதன்பின் வேறு உருவம் பெற்றது. சட்டம் தரும் நிழலை நிரந்தரம் என்று நம்பாமல், அந்த நிழல் இருக்கும்போதே வேறு சந்தை தேட வேண்டும் என்றோம். சாலைச் சரிவிலும் ஆற்றங்கரையிலும் மண் அரிப்பைத் தடுக்கும் சணல் வலை, தானாக மக்கிப்போகும் கடைப்பை ஆகியவற்றை முன்வைத்தோம். இயந்திரம் கடைசியில் வந்தது. எதை நெய்வது என்று தெரிந்தபின் வந்தது.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் திட்டம் வகுக்கும் நாற்காலிகளில் அமர்வோம். கைத்தறியோ, தீப்பெட்டியோ, தோலோ, எந்தத் தொழிலின் கோப்பு நம் முன் வந்தாலும், அதை வாங்குபவர் யார், ஏன் வாங்குகிறார், நாளையும் வாங்குவாரா என்று முதலில் கேட்போம். அதன் பிறகு பேனாவைத் திறப்போம்.