சேற்று வழியில் ஒரு நாள்

கடலோரமாக நடப்பது என்றால் நம்மவர்களுக்கு மாலை நேரத்து மணற்பரப்பும், இளங்காற்றும், பொட்டலம் சுண்டலும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்குக் கோடியில் கடலோர நடை என்பது முற்றிலும் வேறான சமாசாரம். அங்கே கரை என்பது மணலன்று. முந்நூறு நானூறு அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் பாறைச் சுவர். அந்தச் சுவரின் விளிம்பில் ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் அட்லாண்டிக் மகாசமுத்திரம். மறு பக்கம் ஆடுமாடுகள் மேயும் புல்வெளி. இரண்டுக்கும் நடுவே, மழை தொடங்கிவிட்டால், சேறு.

இந்தப் பாதை ஸாமர்ஸெட் ஜில்லாவில் மைன்ஹெட் என்னும் ஊரில் தொடங்குகிறது. டெவன், கார்ன்வால் கரைகளை முழுவதும் சுற்றிக்கொண்டு, டார்ஸெட் ஜில்லாவில் பூல் துறைமுக வாயிலில் முடிகிறது. மொத்த நீளம் 630 மைல். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்று பெயர் வாங்கிய ஒரு பகுதியை, ஹார்ட்லண்ட் கீ முதல் ப்யூட் வரை உள்ள சுமார் 15 மைலை, அக்டோபர் மாதத்து நாளொன்றில் நாம் நடந்தோம்.

‘நாம்’ என்று எழுதுவதைக் கண்டு துணைக்கு ஆள் இருந்ததாக நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ஒரு கைத்தடி, ஒரு முதுகுப் பை, நான்கு ரொட்டித் துண்டுகள் இவையே நம் பரிவாரம். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி ஊமையாகிவிடும் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். ஆகையால், இரவு ஏழு மணிக்குள் வந்து சேராவிட்டால் விசாரிக்கும்படி ப்யூட்டில் தங்கும் விடுதிக்குச் சொல்லிவிட்டுக் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மாலை ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

இந்தப் பாதையை உண்டாக்கியவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். பிராந்தியும் புகையிலையும் தீர்வை கொடாமல் கள்ளத்தனமாக வந்து இறங்கிய காலத்தில், அதைத் தடுப்பதற்காகச் சர்க்கார் 1822ஆம் ஆண்டில் கரைக்காவல் படையை அமைத்தது. காவலர்கள் இரவும் பகலும் கரையோரம் ரோந்து சுற்றினார்கள். ஒவ்வொரு குடாவிலும் எட்டிப் பார்ப்பது அவர்கள் கடமை. எனவே பாதை எங்கும் குறுக்கு வழியில் செல்வதில்லை. கரை வளைந்த இடமெல்லாம் தானும் வளைகிறது. அவர்கள் ரோந்து நின்றபின் பல இடங்களில் வழி மறைந்தது. பொதுஜனங்களுக்கென்று அதைத் திரும்ப இணைக்கப் பல ஆண்டுகள் முயன்று, 1973இல் கார்ன்வால் பகுதியையும், 1978இல் பாதை முழுவதையும் திறந்தார்கள். இன்று ஓக் மரத்துக் கொட்டையின் சித்திரம் பொறித்த கம்பங்கள் வழி காட்டுகின்றன.

ஹார்ட்லண்ட் கீயின் பாறைகள் கண்கொள்ளாக் காட்சி. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நீருக்கடியில் படிந்த மணற்கல்லும் களிக்கல்லும், பூகண்டங்கள் மோதிக்கொண்டபோது நசுங்கி, புடவைக் கொசுவத்தைப்போல் மடிந்து நிற்கின்றன. அலைகள் இந்தப் பாறைச் சுவரை அரிக்கும் வேகத்துக்கு ஓடைகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆதலால் ஓடைகள் கடல் மட்டத்துக்கு இறங்காமல் அந்தரத்திலிருந்து அருவியாக விழுகின்றன. ஸ்பீக்ஸ் மில் என்னுமிடத்து அருவி சுமார் 50 அடி.

நம் கால்களைப் பற்றிய சங்கதியும் அந்தப் பாறையில்தான் இருக்கிறது. களிக்கல் நைந்து மண்ணானால் களிமண். களிமண்ணில் தண்ணீர் இறங்காது. தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையெல்லாம் மேலேயே தேங்குகிறது. அதை மாடுகள் மிதித்து உழுதுவிடுகின்றன. நடவு வயலில் இறங்கியவர்களுக்கு அந்தச் சேறு எப்படிப்பட்டதென்று விளங்கும். ஆனால் நடவு வயலை யாரும் செங்குத்தாகச் சாய்த்து வைப்பதில்லை. ஏறும்போது சேறு காலைப் பிடித்து இழுக்கிறது; இறங்கும்போது விட்டுவிடுகிறது. இரண்டாவதே அபாயம். வெல்கூம் பள்ளத்தாக்கில் இறங்குகையில் பத்து அடி தூரம் நாம் நடக்காமலே சென்றோம். துருப்பிடித்த நிறமாக வாடியிருந்த பெரணிப் புதர் ஒன்று நம்மைப் பிடித்து நிறுத்தியது.

அந்தப் பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் ஒரு சிறு குடில் நிற்கிறது. ரொனால்ட் டங்கன் என்னும் கவி நாடகம் எழுதிய இடம் அது. அவர் வாலிபப் பருவத்தில், 1937இல், காந்தியடிகளைக் காண்பதற்கென்றே வார்தாவுக்குப் பிரயாணம் செய்தவர். பின்னர் உலக யுத்த காலத்தில், ஆயுதம் ஏந்த மாட்டோம் என்ற கொள்கையுடைய சிலரைச் சேர்த்துக்கொண்டு, இந்தக் களிமண்ணிலேயே கூட்டுப் பண்ணை நடத்திப் பார்த்தார். அந்தப் பண்ணை நிலைக்கவில்லை. ஆனால் அவர் தொகுத்த காந்தியடிகளின் எழுத்துக்கள் 1951இல் புத்தகமாக வந்தன. குடில் வழிப்போக்கர்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே அமர்ந்து ரொட்டியைத் தின்றோம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஆளரவமற்ற கரையில், வார்தாவின் பெயர் நமக்குத் துணையாக வந்தது.

குடிலுக்குக் கீழே மார்ஸ்லண்ட் ஓடை. அதைத் தாண்டினால் கார்ன்வால். அந்நாட்டார் தங்கள் மொழியில் அதைக் ‘கெர்னோ’ என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேச்சு வழக்கு ஒழிந்த அம்மொழியை 20ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் மீட்கத் தொடங்கினார்கள். 2002இல் பிரிட்டிஷ் அரசாங்கமும் அதை அங்கீகரித்தது.

மார்வென்ஸ்டோ கிராமத்தை அடைந்தபோது மணி இரண்டு. இங்கே 1830களிலிருந்து நாற்பது ஆண்டுகள் பாதிரியாராக இருந்தவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்களின் உடல்களை மலையடியிலிருந்து சுமந்துவரச் செய்து, முறைப்படி அடக்கம் செய்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகளுக்கு அவர் கையால் அந்த மரியாதை கிடைத்தது. 1842இல் உடைந்த ‘காலிடோனியா’ என்ற ஸ்காட்லாந்துக் கப்பலில் பிழைத்தவர் ஒருவரே. அதன் முகப்பில் இருந்த பெண் உருவம் கோவிலுக்குள் இருக்கிறது. அதன் பிரதி வெளியே கல்லறைகளின் நடுவே நிற்கிறது. உடைந்த கப்பல்களின் பலகைகளைக் கொண்டு பாறை விளிம்பில் ஹாக்கர் கட்டிய சிறு குடிலும் உண்டு. கரைக்காவலர் பிடிப்பதற்காகக் கடலைப் பார்த்தார்கள். இவர் அதே கடலை இறந்தவர்களுக்காகவும் பார்த்தார்.

இன்னும் ஏழு மைல். வெளிச்சம் நான்கரை மணி நேரமே. தொடர்வதா, இங்கே தங்குவதா? தனியே செல்பவனுக்கு யோசனை கேட்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டிட்னா பள்ளத்தாக்கின் இறக்கத்தில் ஒரு கிழவர் மண்வெட்டியுடன் நின்றார். பாதையின் குறுக்கே சாய்வாகச் சிறு வாய்க்கால் வெட்டி, தேங்கிய நீரைச் சரிவில் வடியவிட்டுக்கொண்டிருந்தார். கூலிக்கு அல்ல; பாதையைப் பேணும் தொண்டர்களுள் ஒருவராம்.

“போகலாம், ஐயா. இறக்கங்களில் அவசரப்படாதீர்கள், ஏற்றங்களில் நேரத்தை ஈடு செய்யுங்கள். ஸாண்டிமௌத் சேரும்போது நீர் வற்றியிருந்தால் மணலிலேயே ப்யூட்டுக்குப் போய்விடலாம். ஏறிக்கொண்டிருந்தால் மணலை நினைக்கவே கூடாது” என்றார்.

பிறகு ஏற்றமும் இறக்கமுமாக மூன்று மணி நேரம். மலைமுகட்டில் சர்க்கார் உளவு நிலையத்தின் பிரம்மாண்டமான வெள்ளைக் கிண்ணங்கள் வானத்தை நோக்கி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தன. கரைக்காவலரின் பேரப்பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டோம். ஸாண்டிமௌத்தில் மணி ஐந்தரை. கீழே அகன்ற மணல் ஈரமாக மின்னியது. சேற்றில் பத்து மணி நேரம் உழன்ற கால்களுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. ஆனால் கூர்ந்து பார்த்தபோது, ஒவ்வோர் அலையும் முந்தினதைவிடச் சற்று மேலே வந்தது. அலைக்கும் பாறைச் சுவருக்கும் இடையே அகப்பட்டால் ஏறித் தப்ப வழியில்லை. மணலுக்கு முதுகைக் காட்டி மறுபடியும் சேற்றில் ஏறினோம். கடைசி மைலை அந்தி வெளிச்சத்தில், தடியால் தட்டித் தட்டிக் கடந்தோம். விடுதி வாசலில் மணி ஆறே முக்கால்.

மறுநாள் காலை ப்யூட் கால்வாய்க் கரையில் பூட்ஸைக் கழுவும்போது அதன் வரலாற்றை ஒருவர் சொன்னார். 1823இல் திறந்த அக்கால்வாய் முக்கியமாக மணல் ஏற்றிச் செல்வதற்காகவே வெட்டப்பட்டதாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்த கடல் மணலை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், புளித்த களிமண் வயல்களில் தூவினால் விளைச்சல் கூடும். நேற்று நம்மைப் படுத்திய அதே மண்ணுக்குத்தான் இந்த வைத்தியம். மண்ணைத் திட்டிக்கொண்டு நாம் நடந்த நாட்டில், அதனோடு கூடி வாழ்ந்தவர்கள் ஒரு கால்வாயே வெட்டியிருக்கிறார்கள். இன்றும் ஒரு கிழவர் மண்வெட்டி எடுத்து வருகிறார். தனி நடை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், அன்று கால் வைத்த ஒவ்வோர் அடியும் யாரோ முன்பே செப்பனிட்டுக் கொடுத்ததாகவே இருந்தது.