தாத்தா வாங்கின வால்தம் கடிகாரம்

போன மாசம் சென்னையிலேர்ந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய அமெரிக்க பாக்கெட் வாட்ச் சேகரிக்கிறவர். அதிலயும் அவர் முக்கியமா தேடுறது குரோனோகிராஃப். மணி காட்டுறதோட, குமிழை அமுக்கினா தனியா ஒரு முள் ஓடும். மறுபடி அமுக்கினா நிக்கும், இன்னொரு தடவை அமுக்கினா பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்.

எங்ககிட்ட இருக்கிறது அது இல்லீங்க. சாதாரண வால்தம். பின்மூடியைத் திருகித் திறந்து, உள்ள இருந்த எண்ணைப் பார்த்துட்டு, 1908 வாக்குல செஞ்சதுன்னு சொன்னார். வால்தம்ங்கிறது அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஒரு ஊராம். பாகங்களை மெஷின்ல ஒரே அளவா செஞ்சு கடிகாரம் பண்ணதுல முன்னோடிங்க அவங்க. 1957-ல அங்க தயாரிப்பு நின்னுபோச்சு. "குடுக்கிறீங்களா?"ன்னு கேட்டார். நல்ல விலைதான்.

தாத்தா அதை ரிட்டயர் ஆன ஒரு ரயில்வே கார்டுகிட்ட வாங்கினார். பவுசுக்கு இல்ல, தண்ணி முறைக்கு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுக் கிணறு. ஆளுக்கு மூணு மணி நேரம். கடிகாரம் மோட்டார் கொட்டாய்ல ஆணியில தொங்கும். கார்த்திகை தீபத்தன்னைக்கு மட்டும் தாத்தா அதைக் கையில வெச்சுக்குவார். ஆறு மணிக்கு மலை உச்சியில தீபம் தெரிஞ்சதும் முள்ளைப் பார்த்துச் சிரிப்பார்.

1984-ல சித்தப்பா எச்.எம்.டி. வாட்ச் வாங்கினார். தாத்தா அப்போ இல்ல. "உன் கடிகாரம் ஸ்லோ. என் தண்ணியத் திருடுறியேண்ணா"ன்னுட்டார். அப்பா அன்னைக்குச் சாப்பிடல. தேரடி வீதியில ஒரு ரிப்பேர்காரர்கிட்ட கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டு அவர் சொன்னார்: எண்ணெய் காஞ்சிருக்கு, நாளுக்கு எட்டு நிமிஷம் குறையுது.

அப்படின்னா மூணு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்காக அண்ணன் தம்பி பதினோரு வருஷம் பேசிக்கல.

இப்போ யோசிச்சா ஒண்ணு புரியுது. ஒரே கடிகாரம் தொங்கினவரைக்கும், மெதுவா ஓடினாலும் ரெண்டு பேருக்கும் மெதுவாத்தான் ஓடுச்சு. யாருக்கும் நஷ்டமில்ல. ரெண்டாவது கடிகாரம் வந்த பிறகுதான் திருட்டுங்கிற பேச்சே வந்துச்சு.

அப்புறம் ஆளுக்கொரு போர் போட்டோம். கிணறு வறண்டுபோச்சு, கடிகாரம் வீட்டுச் சுவருக்கு வந்துடுச்சு. அப்பா செத்தன்னைக்கு சித்தப்பா வந்தார். கொஞ்ச நேரம் அப்பா பக்கத்துல உக்காந்திருந்துட்டு, எழுந்துபோய் நின்னுபோயிருந்த கடிகாரத்துக்குச் சாவி குடுத்தார். ஒரு வார்த்தை பேசல.

சென்னைக்காரர்கிட்ட, காபி குடிச்சுட்டுப் போங்கன்னு மட்டும் சொன்னேன். இந்த வருஷமும் தீபத்தன்னைக்குக் கையில எடுத்துப் பார்க்கணும். கொஞ்சம் ஸ்லோவாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.