பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்

அந்தமானில் அபர்டீன் பஜார் மணிக்கூண்டைத் தாண்டி மேட்டில் ஏறினால் செல்லுலார் சிறை. அதை ஒட்டியே ஜி.பி. பந்த் மருத்துவமனை. ஏழு சிறகுகள் கொண்டிருந்த சிறையில் நான்கை இடித்துவிட்டார்கள். அந்த வளாகத்தில் 1963இல் வந்தது இந்த மருத்துவமனை. சுற்றியுள்ள தீவுகளில் யாருக்கு ஆபத்து என்றாலும் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ கடைசியில் இங்கேதான் கொண்டுவருவார்கள். இந்தக் கடைத்தெருவில் பினாயில், ஆசிட், தின்னர், எலி மருந்து எல்லாம் விற்றுப் பிழைத்தவன் நான். விற்றவனுக்குச் சொல்ல வேண்டிய கடமையும் உண்டு.

2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஒரு பிளாஸ்டிக் கேன் கரை ஒதுங்கியது. உள்ளே இருந்ததைச் சாராயம் என்று நினைத்து ஓங்கி பழங்குடியினர் பகிர்ந்து குடித்தார்கள். எட்டுப் பேர் இறந்துபோனார்கள். இன்னும் பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இனத்தில் மொத்தமே நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. 2004 சுனாமியில் மேட்டுக்கு ஏறி உயிர் தப்பிய மக்கள் அவர்கள். கடலை அறிந்தவர்கள். எங்கோ ஒரு தொழிற்சாலை நிரப்பி அனுப்பிய கேனை அறிய அவர்களுக்கு வழியே இல்லை.

நமக்கு வழி இருக்கிறது. லேபிள் இருக்கிறது, வாசனை தெரியும், வாங்கிய கடை தெரியும். ஆனாலும் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் குளியலறை மூலையில் வைக்கிறோம். மண்ணெண்ணெய் குளிர்பான பாட்டிலில் நிற்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது குடிக்கும் பொருள்தான், வேறென்ன?

எங்கள் தெருவில் பெயின்ட் வேலை நடந்த வீடொன்றில் அப்படித்தான் ஒரு குழந்தை தின்னரைக் குடித்துவிட்டது. பாட்டி உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பெண் தடுத்துவிட்டார். அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன குடித்தான்? பாட்டில் எங்கே?” யாரிடமும் இல்லை. குழந்தையின் மாமா திரும்ப ஓடி எடுத்து வந்தார். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். குழந்தையின் மூச்சை எண்ணினார். வயிற்றைக் கழுவ வேண்டாம் என்றார். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவை வயிற்றில் கிடப்பதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. ஆசிட் என்றால் வாந்தி எடுக்கும்போது தொண்டை இரண்டாம் முறை வெந்துபோகும். விஷம் என்றதும் வாயில் விரலை விடுவதும் உப்புத் தண்ணீர் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். குழந்தை பிழைத்துக்கொண்டது.

என்ன குடித்தார் என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவெடுக்க முடியும். பூச்சிமருந்தில் பலவற்றுக்கு அட்ரோபின். மெத்தனால் கலந்த சாராயமானால் வேறு மருந்து, டயாலிசிஸ். மெத்தனால் முதலில் வெறும் போதை போலத்தான் இருக்கும். ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மாற்ற, பல மணி நேரம் கழித்துக் கண் மங்கும், மூச்சு வாங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அது கொண்டுபோனது. சில எலி மருந்துகள் இன்னும் கொடியவை. ஓரிரு நாள் ஆள் தெளிவாக இருப்பார். பிறகு ஈரல் செயலிழக்கும். “நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போடும் சொந்தக்காரர்களே, தயவுசெய்து டாக்டர் சொல்லும்வரை இருங்கள். டெல்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம். அதற்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோரும் தெரியாமல் குடித்தவர்கள் அல்ல. அங்கேதான் நம் குடும்பங்கள் பொய் சொல்கின்றன. மருமகள் மனம் உடைந்து குடித்திருப்பாள். டாக்டரிடம் “வயித்துவலிங்க” என்பார்கள். போலீஸ் வரும், ஊர் பேசும் என்ற பயம். அந்தப் பொய்யில் ஒரு மணி நேரம் போய்விட்டால் அதை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கண் விழித்த பிள்ளையை வார்டிலேயே திட்டாதீர்கள், மானம் போச்சு என்று அழாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு தனியாக விடாதீர்கள்; வீட்டில் இருக்கும் மருந்து, எலி மருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்று பெயர். காசில்லை, தமிழிலும் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.