வேளைநூலும் எங்கள் தோத்திரத் திரட்டும்

ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் குதிரை வீரர்களையும் வானளாவிய தேவாலயங்களையுமே முன்னிறுத்துவர். அக்காலத்து மக்கள் நாள்தோறும் கையில் எடுத்துப் புழங்கிய பொருளொன்றைப் பற்றி ஈண்டுப் பேச விரும்புகின்றோம். அது ஒரு நூல். 13-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி 16-ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பிய இல்லங்களில் வேறெந்த நூலையும்விட மிகுதியாக இடம்பெற்றிருந்தது அதுவே. ‘வேளைநூல்’ என்று அதனைத் தமிழில் வழங்கலாம். மடத்துத் துறவியர் இருள் புலருமுன் தொடங்கிப் படுக்கைக்குச் செல்லும்வரை எட்டு வேளைகளில் ஓதிய செபங்களை இல்லறத்தாரும் தம் வீட்டிலிருந்தே ஓதும்வண்ணம் சுருக்கித் தந்த திரட்டு அது. முதலில் ஒரு நாள்காட்டி, பின்னர் கன்னி மரியாளுக்குரிய வேளைச் செபங்கள், பாவ மன்னிப்பு வேண்டும் ஏழு சங்கீதங்கள், இறந்தோர்க்கான செபங்கள், புனிதர்களை நோக்கிய வேண்டுதல்கள். நம் வீடுகளிலுள்ள தோத்திரத் திரட்டை எண்ணிக்கொண்டால் அன்பர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

எங்களுக்கு இந்நூல்களின்மீது ஈடுபாடு பிறந்ததும் எங்கள் வீட்டுத் தோத்திரத் திரட்டினால்தான். கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்த நாளில் பாட்டி தம் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த நூல் அது. தலைப்புப் பக்கம் எப்போதோ போய்விட்டது. ஆனால் முன்னட்டைக்கும் நூலுக்கும் இடையே தைக்கப்பட்டிருந்த இரண்டு வெற்றுத் தாள்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் 1931 முதல் எங்கள் குடும்பத்தில் பிறந்தவர், மறைந்தவர் குறிப்புகள், ஆண்டு, மாதம், நட்சத்திரம், நாழிகை ஆகியவற்றோடு மூன்று தலைமுறைக் கையெழுத்தில் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன், கரோல்பாகில் ஒரு நண்பர் வீட்டில் பிரெஞ்சு நாட்டு வேளைநூல்களைப் பற்றிய பெரிய படநூலொன்றைப் புரட்டியபோது, அந்நாட்டுக் குடும்பங்களும் தம் வேளைநூலின் வெற்றுத் தாள்களில் குழந்தைகள் பிறந்த நாளையும் நாழிகையையும், ஞானத் தாய் தந்தையர் இன்னார் என்பதையும் எழுதி வைத்திருந்தனர் என்று கண்டோம். அன்றிலிருந்து இது எங்களுக்கு அயலார் செய்தியாகத் தோன்றவில்லை.

இவ்வகை நூல்களுள் தலையாயது, பிரான்சு நாட்டு இளவரசரும் பெரி நாட்டுக் கோமகனுமாகிய ழான் என்பவருக்காக எழுதப்பட்டது. 1340-இல் பிறந்து 1416-இல் மறைந்த அவர், ஐந்தாம் சார்லசு மன்னரின் தம்பி. நூல்களிலும் மணிகளிலும் அளவிறந்த பற்றுடையவர். அப்பற்றுக்கான பொருளைக் குடிகளிடமிருந்து இரக்கமின்றித் திரட்டியவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்நூலைத் தீட்டியவர்கள் லிம்பூர்க் சகோதரர் மூவர்: போல், எர்மான், ழான். இவர்கள் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பது நம்மனோர்க்குச் சுவையான செய்தி. இன்றைய நெதர்லாந்திலுள்ள நைமேகன் நகரத்துப் பிள்ளைகள். பர்கண்டிக் கோமகனின் அரண்மனையில் ஓவியராயிருந்த மாமன் ஒருவர் வாயிலாகப் பிரான்சு நாட்டுத் தொடர்பு கிட்டியது. எர்மானும் ழானும் சிறுவயதிலேயே பாரிசில் ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழக விடப்பட்டனர். 1399-இல் பாரிசில் கொள்ளைநோய் பரவவே, இருவரும் ஊருக்குப் புறப்பட்டனர். வழியில் பிரசெல்சு நகரில் பிடித்துச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவ்வூருக்கும் இவர்கள் பிறந்த நாட்டுக்கும் பகை. இவர்கள் அந்நாட்டவர் என்பதொன்றே குற்றம். மீட்புப் பணம் கட்ட அவர்கள் தாயாரிடம் பொருளில்லை. மாமனிடம் கொண்ட மதிப்பினால் 1400-இல் பர்கண்டிக் கோமகனே பணம் செலுத்தி மீட்டார். அயலூரில் பெயரையும் பேச்சையும் கொண்டே ஆளை எடைபோடும் வழக்கத்தை ஓரளவேனும் அறிந்தவர்களாதலின், இச்செய்தியைப் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

அச்சகோதரர்கள் குறும்பும் உடையவர்கள். 1411-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் கோமகனுக்கு ஒரு நூலைப் பரிசளித்தனர். வெண்பட்டு வெல்வெட்டு உறை. பொன்முலாம் பூசிய வெள்ளிக் கொக்கிகள் இரண்டு. திறக்க முயன்றால் திறக்காது. நூலைப்போல் வண்ணம் தீட்டிய வெறும் மரக்கட்டை அது! நூற்பித்தராகிய கோமகன் அதனையும் தம் கருவூலத்தில் வைத்துக்கொண்டார்; அவருடைய பொருட்பட்டியலில் அது முறையாகப் பதியப்பட்டுள்ளது. ஓர் அரசிளங்குமரனிடம் இத்துணை உரிமையோடு விளையாட, வேற்று நாட்டிலிருந்து வந்த கைவினைஞர்களுக்கு இடமிருந்தது என்பதே வியப்பு.

‘மிகச் செழித்த வேளைநூல்’ என்று பெயர் பெற்ற அப்பெருநூலை அவர்கள் 1412-ஐ ஒட்டித் தொடங்கினர். 206 தாள்கள். நாள்காட்டியில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு முழுப்பக்க ஓவியம். சனவரியில் கோமகனின் விருந்து நடக்கிறது. ஆனால் எங்கள் மனம் தங்கியது பிப்பிரவரியில். எங்கும் பனி. ஆட்டுப்பட்டியில் ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. தேன்கூட்டுக் கூடைகளின் தலையில் பனி குவிந்திருக்கிறது. முற்றத்தில் பறவைகள் இரை பொறுக்குகின்றன. சுவர் நீக்கிக் காட்டப்பட்ட குடிசைக்குள் மூவர் தீக்காய்கின்றனர்; சுவரையொட்டிய கழியில் துணிகள் உலர்கின்றன. தொலைவில் ஒருவன் சுமையேற்றிய கழுதையை ஓட்டிக்கொண்டு ஊரை நோக்கி மேடேறுகிறான். தில்லிக் குளிரில் முதலாண்டு அங்கீட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஊரை நினைத்துக் கைகளைத் தேய்த்துக் கொண்டவர்களுக்கு இவ்வோவியத்திற்கு உரை வேண்டியதில்லை. அக்டோபரில் விதைப்பு. வில்லேந்திய வீரனைப்போல் உடுத்திய வைக்கோற் பொம்மையொன்று வயலைக் காக்கிறது. பறவைகளோ அதனைச் சட்டை செய்யாமல் விதையைக் கொத்துகின்றன!

1416-இல் கோமகன் மறைந்தார். அவ்வாண்டிலேயே மூன்று சகோதரர்களும் மறைந்துவிட்டனர். நூல் முற்றுப்பெறவில்லை. பிற கைகள் தொடர்ந்து, 1480-களின் பிற்பகுதியில் ழான் கொலோம்ப் என்னும் ஓவியர் சவாய்க் கோமகனுக்காக அதனை முடித்துவைத்தார். 1856-இல் ஓமால் கோமகன் அதனை விலைக்கு வாங்கினார். இன்று பாரிசை அடுத்த சாந்தியி மாளிகையில் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில், சீரமைப்பின் பொருட்டுப் பிரிக்கப்பட்ட அந்நாள்காட்டித் தாள்கள் அங்கே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

நூல் செய்யப்பட்ட பொருள்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கன்றுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் பன்னாள் ஊறவைத்து, மயிர் களைந்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லிய தாளாக்குவர். வாத்திறகு எழுதுகோல். மைக்கு வேண்டியவை மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும். இம்மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. கைக்குழந்தைக்கு உரைமருந்து உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காயே ஐரோப்பாவின் ஆயிரமாண்டு எழுத்துக்கு நிறம் தந்தது. தஞ்சாவூர்ப் படத்தில் மக்குக் கட்டித் தங்கரேக்கு ஒட்டுவதைப் போலவே, அவர்களும் சுண்ணப்பசையால் மேடிட்டு அதன்மேல் பொன்தகட்டை ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றினர். நீலம் மட்டும் அவர்களிடம் இல்லை. லாப்பிசு லசூலி என்னும் நீலக்கல், இன்றைய ஆப்கானித்தானத்துப் பதக்சான் மலைகளில் வெட்டியெடுக்கப்பட்டு, வணிகர் பலர் கைமாறி வெனிசு நகரத்தை அடைந்தது. அந்நிறத்தின் ஐரோப்பியப் பெயருக்கே ‘கடலுக்கு அப்பால்’ என்பதுதான் பொருள். 2019-இல் வெளியான ஆய்வொன்று, செருமனி நாட்டு மடமொன்றில் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட பெண்ணின் பற்காரையில் இந்நீலத்துகள்கள் படிந்திருந்ததை வெளிப்படுத்தியது. தூரிகை முனையை நாவால் கூராக்கி அவர் நூலோவியம் தீட்டியிருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. ஏடெழுதியோர் எல்லாம் ஆடவரே என்ற எண்ணத்தை ஒரு பல் அசைத்துவிட்டது.

நாள்காட்டியில் பெருந்திருநாள்களைச் சிவப்பு மையாலும் ஏனையவற்றைக் கருப்பு மையாலும் எழுதினர். நம் சுவர் நாள்காட்டியில் விடுமுறை நாள் சிவப்பில் அச்சாவதும் அம்மரபின் எச்சமே. அந்நாள்காட்டியின் புனிதர் பெயர்களைக் கொண்டே நூல் எவ்வூரார்க்காக எழுதப்பட்டது என்று அறிஞர் கண்டுபிடிக்கின்றனர். ஊருக்கு ஊர் திருநாளும் செபமுறையும் வேறு. இங்கிலாந்து நாட்டாருக்கான வேளைநூல்கள் பல பிளாண்டர்சு நாட்டுப் புரூச்சு நகரில் எழுதப்பட்டுக் கப்பலேறின. எழுதியவன் ஊர் ஒன்று, திருநாள் வேறோர் ஊருடையது. ஆண்டுதோறும் சித்திரைக்கு முன் ஊரிலிருந்து பாம்புப் பஞ்சாங்கம் வரவழைத்து, யமுனைக் கரையில் இருந்துகொண்டு காவிரிக்கரைத் திருநாளைக் கணக்கிடும் நமக்கு இதில் வியப்பேதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோத்திரத் திரட்டின் தையல் விட்டுப்போயிற்று. தரியாகஞ்சில் ஒரு கட்டுநரிடம் காட்டினோம். கைதேர்ந்தவர்தாம். ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்துள்ளன, மூன்று பக்கமும் அரை அங்குலம் வெட்டிவிட்டால் புதுநூல் போலாகிவிடும் என்றார். முன்னால் உள்ள கிறுக்கல் தாள்களை நீக்கிப் புதுத்தாள் வைப்பதாகவும் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவை அவருக்குக் கிறுக்கல்தாம். ஆனால் எங்கள் மகனே, “அந்தத் தாள்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதாதா, அப்பா?” என்று கேட்டான். அன்றிரவு வீட்டில் நெடுநேரம் வாதம் நடந்தது.

எங்கள் பக்கத்துக்கு அப்போது கைகொடுத்தவர் கேத்ரின் ரூடி என்னும் கலைவரலாற்று அறிஞர். இடைக்காலச் செபநூல்களின் ஓரங்களில் படிந்த அழுக்கின் அடர்த்தியைக் கருவியொன்றால் பக்கம் பக்கமாக அளந்து, உரியவர் எச்செபத்தை மிகுதியாக ஓதினர் என்று 2010-இல் அவர் ஆய்வுரை வெளியிட்டார். கொள்ளைநோய்க்குக் காவலாகக் கருதப்பட்ட புனித செபசுத்தியார் வேண்டுதல் போன்றவற்றில் விரல் அழுக்கு மிகுதி. பிற்காலக் கட்டுநர்களோ ஆயிரக்கணக்கான ஏடுகளை ஓரம் வெட்டி, பூங்கொடிகளையும் உரியவர் குறிப்புகளையும் சேர்த்தே வெட்டி எறிந்தனர். எங்கள் நூலை அன்றிரவே எடுத்துப் பார்த்தோம். கந்தர் சட்டிக் கவசம் உள்ள தாள்கள் ஓரத்தில் ஏறத்தாழக் கருப்பாகவே உள்ளன. வேறொரு பதிகத்தின் தாளில் மஞ்சள் படிந்த கட்டைவிரல் தடம் ஒன்று தெளிவாக இருக்கிறது. 1962-இல் மூத்த பிள்ளை அம்மையில் படுத்திருந்தபோது பாட்டி இரவு பகலாக ஓதியது அப்பதிகம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மகன் அத்தடத்தின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு படம் பிடிப்பதைப் பற்றி அவன் பேசவில்லை. நூல் ஓரம் வெட்டப்படாமலேயே, பழைய தாள்களோடு மீண்டும் தைக்கப்பட்டது. கட்டுநர் மனமின்றியே தைத்துக் கொடுத்தார்.

ஆயினும் பெரிய வினா அதுவன்று. மகன் தமிழ் பேசுவான். படிக்கவும் எழுதவும் வராது. வேளைநூலின் வழியாகவே ஐரோப்பியத் தாய்மார் பலர் தம் மக்களுக்கு எழுத்தறிவித்தனர். மரியாளுக்கு அவள் தாய் அன்னம்மாள் நூல்கொண்டு எழுத்துக் கற்பிக்கும் ஓவியம் அக்காலத்தில் பெரிதும் பரவியிருந்தது. பிரான்சு நாட்டு அரசி ஆன், தம் மகள் குளோதுக்காக 1505-ஐ ஒட்டிச் செய்வித்த சிறுநூல் அகரவரிசையில் தொடங்கிச் செபங்களுக்குச் செல்கிறது. கேம்பிரிட்சில் உள்ள அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. தமிழுக்கும் இதில் உறவுண்டு. 1554-இல் லிசுபன் நகரில் அச்சான முதல் தமிழ்நூல் இத்தகைய செபமும் எழுத்தறிவும் கலந்த ‘கார்த்தில்யா’தான், தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. தமிழெழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேற 1578 வரை காத்திருக்க நேர்ந்தது. எங்கள் வீட்டில் கதை திரும்பி நடக்கிறது என்று நாங்கள் ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்வதுண்டு. பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுக்கிறோம்.

மருமகள் மராட்டியப் பெண். புனேயில் பேத்தி பிறந்தபின் அவள்தான் அத்தாள்களைப் பற்றி முதலில் கேட்டாள்: “குழந்தையின் பெயரை அதில் எப்போது எழுதப்போகிறீர்கள்?” நாங்களே எழுதிவிடலாம். ஆனால் முன்னைய குறிப்புகள் எல்லாம் குழந்தையின் தந்தையோ தாயோ எழுதியவை. மூத்த தமக்கையாரைத் தொலைபேசியில் கலந்தோம். அத்தாளில் தமிழல்லாத எழுத்து ஏறக்கூடாது, வேண்டுமானால் மகன் உட்கார்ந்து கற்றுக்கொண்டு எழுதட்டும் என்றார். அவர் சொல்வதில் நியாயமில்லை என்று கூற எங்களுக்கு வாய் வரவில்லை. எனினும் படநூலில் கண்ட வேளைநூல்கள் நினைவுக்கு வந்தன. செபங்கள் இலத்தீனில் இருக்க, குடும்பக் குறிப்புகளைப் பின்வந்தோர் தத்தம் வீட்டுமொழியில் எழுதிச் சேர்த்தனர். அக்குறிப்புகளைத்தான் இன்று அறிஞர்கள் கண்ணாடி வைத்துப் படிக்கின்றனர்.

ஆடிப்பெருக்கன்று மருமகள் பேத்தியின் பெயரையும் பிறந்த நேரத்தையும் தேவநாகரியில் எழுதினாள். அதன்கீழ், உத்திரட்டாதி என்னும் நட்சத்திரப் பெயரை மகன் தமிழில் எழுதினான். நாங்கள் வேறு தாளில் எழுதிக்காட்டியதைப் பார்த்து, படம் வரைவது போல், நான்கு முறை பழகியபின். ‘ட்’ மேல் புள்ளி சற்றுத் தள்ளி விழுந்துவிட்டது. தமக்கையார் இன்னும் பார்க்கவில்லை. பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறார்.