கண்ணாடிக் கூண்டைத் தேடி... பெங்களூருக்கு ஒரு டிரிப்!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்னக் கேள்வி. போர் விமானத்துக்குக் கதவு எங்கே இருக்கு?

பக்கவாட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பைலட் தலைக்கு மேலே குமிழ் மாதிரி ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கு பாருங்க... கதவு, ஜன்னல், கூரை எல்லாமே அதுதான். பேர், கேனோபி. சில விமானங்களில் அது டிரங்க் பெட்டி மூடி மாதிரி கீலில் தூக்கும். சிலதில் தண்டவாளத்தில் போவது மாதிரி அப்படியே பின்னால் சறுக்கும். இந்த இரண்டாவது ரகம்தான் எங்க டீமை பெங்களூருக்கு ரயில் ஏற்றிவிட்டது.

மேட்டர் இதுதான். எங்க காலேஜ் ஏரோமாடலிங் கிளப்பில் ஒரு ஸ்பிட்ஃபயர் கட்டிக்கிட்டு இருக்கோம். ரேடியோ கன்ட்ரோலில் பறக்கும் மாடல். அளவு, அசலில் ஐந்தில் ஒரு பங்கு. அசல் விமானத்துக்கு இந்த முனையில் இருந்து அந்த முனை வரை இறக்கை 11.23 மீட்டர். எங்களுடையது சுமார் 2.25 மீட்டர். ஹாஸ்டல் ரூம் கதவில் நேராக நுழையாத சைஸ்! 1936-ல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்டார். பிறகு நம்ம விமானப்படையிலும் இருந்து, 1947-48 காஷ்மீர் போர் வரை பறந்திருக்கு.

நாங்க எடுத்துக்கிட்டது அதன் பிற்கால மாடல். முழுக் குமிழ் கேனோபி, பின்னால் சறுக்கித் திறக்கும். இங்கேதான் டீம் ரெண்டாப் பிரிஞ்சது.

“பறக்குற பொம்மைக்குக் கதவு எதுக்குடா? பசை போட்டு ஒட்டிடலாம்” என்றது ஒரு கோஷ்டி. அவங்க பயத்திலும் நியாயம் இருக்கு. சீனியர்கள் கட்டிய விமானத்தில் நடுவானில் மூடி பிய்த்துக்கொண்டு போய், ரெண்டு செமஸ்டர் உழைப்பு தரையில் குத்தி நின்ற கதை கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். “ஒட்டிட்டா பேட்டரியை எப்படி மாட்டுவே? ஒவ்வொரு தடவையும் இறக்கையைக் கழற்றுவியா?” என்றது இன்னொரு கோஷ்டி. அட்டையில் செஞ்சு பார்த்த டம்மியோ, அரசு பஸ் ஜன்னல் கண்ணாடி மாதிரி பாதி வழியில் சிக்கிக்கிட்டு முறைச்சது.

சரி, நிஜமான ஒன்றை நேரில் பார்த்துடலாம்னு முடிவாச்சு. டெல்லி வரை போக பட்ஜெட் இடம் கொடுக்கலை. சென்ட்ரலில் ராத்திரி பெங்களூரு மெயிலைப் பிடிச்சோம். விடியறதுக்குள்ளே கன்டோன்மென்ட் ஸ்டேஷன். ஆளுக்கு ரெண்டு இட்லி, ஒரு வடை, அரை டம்ளர் ஃபில்டர் காபி. நாலு பேரும் ரெடி!

முதல் விசிட், கப்பன் பார்க் பக்கத்தில் கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப மியூசியம். வாசலிலேயே ஹீரோ நிற்கிறார். எச்.எஃப்-24 மாருத்! இந்தியாவிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானம். வடிவமைத்தவர் கர்ட் டாங்க் என்ற ஜெர்மன் இன்ஜினீயர். இங்கேதான் காமெடி. அதே டாங்க்தான் உலகப் போரில் ஸ்பிட்ஃபயரைத் திணறடித்த ஃபோக்க-வுல்ஃப் 190-ஐயும் வடிவமைத்தவர். எங்க ஸ்பிட்ஃபயருக்கு மூடி போட, அதன் பரம எதிரியிடம் ஐடியா கேட்டு வந்திருக்கோம்!

டாங்க்கின் அந்தப் பழைய விமானத்தில் ஒரு விசேஷம் உண்டு. உடம்பு பின்னால் போகப் போகக் குறுகும். தண்டவாளமும் கூடவே குறுகும். அதனால் கேனோபி சறுக்கும்போது தானும் ஒடுங்கிக்கிட்டே போகிற மாதிரி, உச்சியில் மடிப்பு வைத்துச் செய்திருந்தாங்க. இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரிசு. வேகமாகப் பறக்கும்போது காற்றின் அழுத்தத்தில் மூடியைக் கையால் தள்ளவே முடியாது. ஆபத்தில் குதிக்கணும்னா? அதுக்காகவே ஒரு சின்ன வெடித் தோட்டா வைத்து மூடியைப் பிய்த்து எறிய ஏற்பாடு செஞ்சாங்க. ஸ்பிட்ஃபயரிலும் ஆரம்பத்தில் இதே தலைவலிதான். வேகத்தில் மூடி திறக்க மறுத்ததால், பக்கத்தில் தட்டினால் உடைந்து காற்றை உள்ளே விடும் சின்னப் பலகணி வைத்தாங்க.

உள்ளே ரைட் சகோதரர்களின் விமானம் முழு அளவில் மாதிரியாக நிற்கிறது. அதில் மூடியும் கிடையாது, கதவும் கிடையாது. குப்புறப் படுத்துக்கிட்டு ஓட்டணும். “பிரச்னையே இல்லாத டிசைன்டா” என்றான் ஒட்டிடலாம் கோஷ்டித் தலைவன்.

அடுத்து எச்.ஏ.எல். மியூசியம். கப்பன் பார்க்கில் மெட்ரோ ஏறி, பையப்பனஹள்ளியில் இறங்கி ஆட்டோ. ஆட்டோக்கார அண்ணன் தமிழிலேயே, “சுரஞ்சன் தாஸ் ரோடு வழியா போயிடலாம் தம்பி” என்றார்.

அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதன்முதலாக வானில் ஏற்றிய டெஸ்ட் பைலட் சுரஞ்சன் தாஸ். ஒன்பது வருஷம் கழித்து, 1970 ஜனவரியில், மாருத்தின் இன்னொரு வடிவத்தைச் சோதித்துப் பறக்கும்போது விபத்தில் இறந்துபோனார். இன்றைக்கு அந்த ரோட்டில் பேக்கரி, மொபைல் கடை, டிராஃபிக். ஆட்டோவுக்குள்ளே யாரும் பேசலை. யாரோ வரைந்த ஒரு புது விமானம்... இதுவரை பறக்காதது... அதில் ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேலே கண்ணாடியை இழுத்து மூடிக்கிறது ஒருத்தருடைய வேலையாக இருந்திருக்கு.

பழைய ஏர்போர்ட் ரோட்டில் மாரத்தஹள்ளி பக்கமாகப் போனால் எச்.ஏ.எல். மியூசியம். மரநிழல், புல்வெளி, நடுவே விமானங்கள். அஜீத் நிற்கிறது. (ஆர்.சி. பிளேன் விடுவாரே, 2018-ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா ட்ரோன் டீமுக்கு ஆலோசகராக இருந்தாரே, அவர் இல்லீங்க. இது குட்டிப் போர் விமானம்!) அதன் மூடி கீலில் தூக்கும் ரகம். மாருத்தும் இங்கே இருக்கு. அது சறுக்கும் ரகம். மூடித்தான் இருந்தது. ஆனாலும் எங்களுக்கு வேண்டியது கண்ணில் பட்டது. உடம்பு இடுப்பு ஒடுங்கி வளைந்து வளைந்து போகுது. மூடியின் அடிக்கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருக்கு. அதாவது, உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி தண்டவாளத்தை வளைக்கக் கூடாது. அது நேராகவே போகணும். மிச்சமாகும் இடைவெளியை உடம்புதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.

நோட்டில் வரைந்துகொண்டிருந்த எங்களை, பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர் கவனிச்சுக்கிட்டே இருந்தார். ரிட்டயர்டு மெஷினிஸ்ட்டாம். வேலூர்ப் பக்கத்துத் தமிழ்.

“என்ன தம்பி, மூடி சிக்குதா?”

“ஆமா சார். ஒரு பக்கமா இழுத்தா மாட்டிக்குது.”

“காலேஜ்ல லேத் ஓட்டியிருக்கீங்களா?”

“ஃபர்ஸ்ட் இயர்லயே ஓட்டிட்டோம் சார்.”

“லேத் பெட்ல ரெண்டு வழி இருக்குமே, ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கும்?”

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இல்லையே! ஒன்று கவிழ்த்துப் போட்ட ‘வி’ மாதிரி. இன்னொன்று வெறும் தட்டை.

“அவ்வளவுதான். வி-தான் வழி காட்டும். தட்டை பாரத்தை மட்டும் தாங்கும். ரெண்டும் வழி காட்ட வந்தா சண்டைதான். மாருத்துல எப்படின்னு நான் சொல்லலை. சறுக்குற சாமான் எல்லாத்துக்கும் இது பொது.”

மூணு வருஷம் படிச்சது, புல்வெளியில் மூணு நிமிஷத்தில் மண்டையில் ஏறியது!

திரும்பி வந்து பாரிமுனை ஹார்டுவேர் கடையில் பித்தளை ‘யு’ சேனல் வாங்கினோம். இடது பக்கத் தண்டவாளத்தில் ரெண்டு பின், ஆடாமல் அசையாமல். பின்களுக்கு நடுவே முடிந்த அளவு தூரம். ஏன்னா, பிடிமானம் நீளமாக இருந்தால்தான் டிராயர் கோணிக்காது. வலது பக்கப் பின்னுக்குப் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் சுதந்திரம். இப்போ ஒற்றை விரலால் தள்ளினாலே வெண்ணெய் மாதிரி போகுது. ஒட்டும் வேலைக்கு ஒரு சொட்டு உடனடிப் பசையைத் தொடாதீங்க. அதன் ஆவி பட்டால் கண்ணாடி பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துடும். உலர்ந்தால் தெளிவாகும் கேனோபி பசைதான் சரி.

அப்புறம் பிய்த்துக்கொண்டு போகும் பயம்? கணக்குப் போட்டோம். 100 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 470 நியூட்டன். நகரும் பகுதி 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். குமிழின் மேலே காற்று விரைந்து ஓடுவதால் மேல்நோக்கி இழுக்கும் விசை தோராயமாக 11 நியூட்டன். அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சேனலின் மடிந்த உதடுதான் பின்னைப் பிடிச்சு மூடியை எழும்ப விடாமல் வைக்குது. முன்பக்கம் ஸ்பிரிங் கொக்கி, அது பின்னால் நகராமல் இருக்க. மாடலைக் கவிழ்த்துப் பிடிச்சு, மூடியில் மூணு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டோம். அசையலை!

கொக்கியைப் பொருத்தியது யார் தெரியுமா? ஒட்டிடலாம் கோஷ்டித் தலைவனேதான். “டேய், வெளியே இருந்து மட்டும் இல்லைடா, உள்ளே இருந்தும் திறக்கிற மாதிரி வைக்கணும்” என்று அடம்பிடித்து, காக்பிட்டுக்கு உள்ளே ஒரு குட்டி நெம்புகோலும் வைத்தான். உள்ளே உட்காரப் போவது விரல் நீட்டத் தெரியாத பொம்மை பைலட். ஒருத்தரும் சிரிக்கலை.

நீங்களும் பெங்களூரு போனால் மாலுக்கு ஒரு நாள் லீவு விடுங்க. நேரம், டிக்கெட் விசாரிச்சுக்கிட்டு இந்த ரெண்டு மியூசியத்துக்கும் ஒரு ரவுண்டு போங்க. மூக்கு, இறக்கை, இன்ஜின் முன்னாடி எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க. நீங்க மூடியைப் பாருங்க. அது எப்படி மூடுதுன்னு இல்லை, எப்படித் திறக்கும்னு!